ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்: வாழ்வும் வீழ்வும்

வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் வென்றவர் வரலாற்றையே எழுதுகின்றனர். வறுமையிற் பிறந்து, அயராது உழைத்து, பெரும்பொருள் ஈட்டி, அறம் பல செய்து மறைந்தார் என முடியும் வரலாறுகள் நமக்கு மிகவும் பழகியவை. யான் ஈண்டு எழுதப் புகுந்தது அத்தகையது அன்று. செல்வத்திற் பிறந்து, செல்வாக்கில் வளர்ந்து, சென்னையின் வாணிக உலகிற்குத் தலைவருள் ஒருவராய் விளங்கி, தம் ஐம்பத்தெட்டாம் வயதில் தாமும் வீழ்ந்து, தம்மை நம்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களையும் உடன் வீழ்த்திய ஒருவரது வாழ்க்கை இது. அவர்தாம் அர்பத்நாட் கம்பெனியின் தலைமைக் கூட்டாளியாயிருந்த ஸர் ஜார்ஜ் கஃப் அர்பத்நாட் துரை.

வீழ்ந்தவரைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். இவ்வரலாற்றில் என் மனம் சென்றதற்குக் காரணம் காஞ்சிமாநகரின் பட்டுத்தறிகளே. அங்கே உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகச் சேலை நெய்யுங்கால், இரண்டையும் இணைக்கும் கோர்வை வேலைக்குத் தறியில் ஒருவர் போதார். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். அருகிருந்து துணை செய்ய மற்றொருவர் வேண்டும். எத்துணைக் கைவல்லவராயினும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நெய்யலாம் என்பதோர் எல்லை உண்டு. அதனைக் கடந்து விரைந்தாற் கரை ஒருபுறம் இழுக்கும். உடல் ஒருபுறம் சுருங்கும்.

தறியின் நடை இதுவாக, தறிக்கு முதலிடுவோரின் நடை வேறாயிருத்தலும் உண்டு. மூன்று தறிக்குப் பட்டும் சரிகையும் கூலியும் கொடுக்கவல்ல ஒருவர், ஒரு கலியாணப் பருவத்தில் விற்பனை நன்கு நடந்தது கண்டு மகிழ்ந்து, அடுத்த பருவத்திற்குப் பன்னிரண்டு தறி பூட்டுகிறார். கன்னட நாட்டிலிருந்து பட்டும், சூரத்திலிருந்து சரிகையும் கடனாக வந்து இறங்குகின்றன. சேலை விற்றுக் காசு கைக்கு வருமுன்னர்க் கடனின் தவணை வந்துவிடுகிறது. அத்தவணைக்காக ஒரு புதுக்கடன்; அதன் வட்டிக்காக மேலும் நான்கு தறி. இறுதியில் மஞ்சட் கடிதம். இவர் கெட்டது விற்பனை இன்மையால் அன்று, விற்பனை மிகுந்தமையால். இத்தகைய கதைகள் நெசவூர்களில் தெருவுக்கு ஒன்றேனும் வழங்கும். பன்னிரண்டு தறிக்காரர்க்கு நேர்வது ஒரு மாகாணத்தின் பெருஞ்செல்வ நிலையத்திற்கும் நேருமோ என்று ஆராயப் புகுந்தபோதுதான் அர்பத்நாட் துரையின் வரலாறு என் கண்ணிற் பட்டது.

அந்நிலையத்தை நிறுவியவர் இவர் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரான்சிஸ் லாட்டூர் என்பவர் சென்னையில் ஒரு வாணிக நிலையம் நடத்தி வந்தார். ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஜார்ஜ் அர்பத்நாட் என்பவர் அதிற் சேர்ந்தார். 1772-இற் பிறந்து 1843-இல் இறந்த இம்மூத்த ஜார்ஜின் பெயராலேயே, 1810-ஆம் ஆண்டளவிலிருந்து அந்நிலையம் வழங்கலாயிற்று. பாரி கம்பெனியும் பின்னி கம்பெனியும் அதற்கு உடன்பிறந்தன போன்றவை. சென்னையின் வெள்ளையர் வாணிகம் எனின் இம்மூன்று பெயர்களே முதற்கண் நினைவுக்கு வரும். அவற்றுள்ளும் அர்பத்நாட்டே அசைக்கவொண்ணாதது என்பது அக்காலத்தார் கொள்கை.

இத்தகைய நிலையங்களை ஏஜென்சி நிலையங்கள் என்பர். ஒரு கடைக்கு ஒரு சரக்கு என்னும் முறை இவற்றிற்கு இல்லை. பருத்தி, அவுரி, தோல், காப்பி முதலியவற்றை வாங்கிக் கப்பலேற்றுவதும், சீமைச் சரக்குகளைத் தருவித்து விற்பதும், கப்பல் கம்பெனிகட்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகட்கும் முகவராயிருப்பதும், மலைத்தோட்டங்களை மேற்பார்ப்பதும், சீமைக்குப் பணம் அனுப்ப உண்டியல் எழுதித் தருவதும், பிறர் பணத்தை வைப்பாக ஏற்று வட்டி கொடுப்பதும் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும். தொடக்கத்தில் இவற்றிற் பணம் வைத்தவர் கும்பினி உத்தியோகத்திலிருந்த வெள்ளையரே. இந்நாட்டில் ஈட்டியதைச் சீமைக்குச் செல்லுங்காறும் தம்மினத்தார் ஒருவரிடம் ஒப்புவித்து வைத்தல் அவர்கட்கு எளிதாயிருந்தது. வைத்தவரை நிலையத்தார் அறிவர். நிலையத்தாரை வைத்தவர் அறிவர். வாங்கிய பணம் எத்தோட்டத்தில், எக்கப்பலிற் கிடக்கின்றது என்பதும் ஏறக்குறைய எல்லார்க்கும் தெரியும். இவ்வறிமுகமே அந்நாளில் அந்நிலையத்திற்கு அரணாக நின்றது என்பது என் கருத்து.

நம் வரலாற்றுத் தலைவர் 1848-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஆர்ச்சிபால்டு பிரான்சிஸ் அர்பத்நாட். நிலையத்திற்குப் பெயர் தந்த மூத்த ஜார்ஜ், இவருடைய தந்தைவழிப் பாட்டனாரின் உடன்பிறந்தார். தாய்வழிப் பாட்டனாரோ சேனாதிபதி கஃப் பிரபு. பேரன் பிறந்த ஆண்டில் அவர் பஞ்சாபில் இரண்டாம் சீக்கியப் போரை நடத்திக்கொண்டிருந்தார். வாணிகத்தார் ஒருபுறமும் படைத்தலைவர் மற்றொருபுறமுமாகிய இக்குடும்பத்திற் பிறந்த பிள்ளை, இங்கிலாந்தின் மேற்குடிப் பிள்ளைகள் பயிலும் ஈட்டன் பள்ளியிற் பயின்றார். பின்னர்க் குடும்ப வழக்கப்படி சென்னைக்கு வந்து, குடும்பத்தின் பெயர் தாங்கிய நிலையத்திற் சேர்ந்து, காலப்போக்கில் அதன் தலைமைக் கூட்டாளியானார்.

சென்னையில் இவர் எய்தாத சிறப்பு அரிது. வர்த்தகச் சங்கத்தின் தலைமை, மாகாணச் சட்டசபையில் இடம், ஸர் பட்டம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இங்கு ஒன்று கருதத்தக்கது. இச்சிறப்புகள் ஒருவர்க்குத் தனிப்பட வருவன போலத் தோன்றினும், வாணிகத் தலைவர்க்கு அவை முதலாகவும் மாறிவிடும். தலைவர் சட்டசபையில் அமர்ந்திருக்கிறார் என்ற ஒன்றே, வெளியூரில் உள்ள ஓய்வுபெற்ற தாசில்தார்க்குப் போதிய சான்றாகிவிடும். அவர் கணக்குப் புத்தகத்தைக் காண வேண்டுவதில்லை. காண விரும்பினும் கிடையாது. அர்பத்நாட் கம்பெனி பங்குதாரர்களைக் கொண்டு சட்டப்படி பதிவான வங்கி அன்று. அது சில கூட்டாளிகளின் சொந்த நிலையம். ஆண்டுதோறும் வரவுசெலவை அச்சிட்டு வெளியிடும் கடமை அதற்கு இல்லை.

இதனோடு சென்னை வங்கியை ஒப்பிட்டுக் காண்க. 1843-இல் தோன்றிய அவ்வங்கி அரசாங்கத்தின் சார்பு பெற்றது. 1876-ஆம் ஆண்டின் மாகாண வங்கிச் சட்டம் அதனை இறுகக் கட்டியிருந்தது. மூன்று மாதத்திற்கு மேற்பட்ட தவணைக்குக் கடன் கொடுத்தல் கூடாது. நிலத்தையும் வீட்டையும் ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தலும் கூடாது. இக்கட்டுப்பாடுகளைக் குறித்து அந்நாளில் வணிகர் பலர் குறைகூறினர். வளர்ச்சிக்கு விலங்கு என்பது அவர்கள் முறையீடு. விலங்கு என்பது மெய்யே. ஆயினும் சில வேளைகளில் விலங்கும் கால் இடறாமற் காக்கும் போலும்.

அர்பத்நாட்டிற்கு அவ்விலங்கு இல்லை. சென்னை வங்கியினும் மிகுந்த வட்டி அங்கே கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதை பரவிற்று. ஆங்கிலம் கற்ற உத்தியோகஸ்தர் வகுப்பொன்று பெருகிற்று. அவர்கள் கையிற் சிறிது சிறிதாகச் சேமிப்பும் சேர்ந்தது. வெள்ளையர் மட்டுமே பணம் வைத்த இடத்தில் இப்போது வக்கீல்களும், குமாஸ்தாக்களும், பென்ஷன்காரரும், கைம்பெண்களும், ஜமீன்தார்களும், தருமப் பொறுப்பினரும் பணம் வைக்கலாயினர். மகளின் கலியாணத்திற்கென்று வைத்தவரும் உண்டு. மகனைச் சீமைக்கு அனுப்ப வைத்தவரும் உண்டு.

வைப்பு வந்து குவிவதை நாம் செல்வம் குவிவதாகக் கருதுகிறோம். உண்மையில் அது கடன் குவிவதேயாகும். ஒருவர் நூறு ரூபாய் வைத்தால் நிலையத்தின் கையில் நூறு ரூபாய் சேர்கிறது. நூறு ரூபாயும் அதற்குரிய வட்டியும் திருப்பித்தர வேண்டிய பொறுப்பும் சேர்கிறது. பணம் பெட்டியில் உறங்கினால் வட்டிக்கு வழியில்லை. ஆதலின் கொடுக்கும் வட்டியினும் மிகுந்த ஊதியம் தரும் இடத்தை உடனே தேட வேண்டும். பழகிய பருத்தியும் பழகிய தோலும் ஓரளவு பணத்தையே ஏற்கும். அதற்கு மேற்பட்டது பழகாத இடத்திற்குப் போகும். பழகாத இடத்தில் ஊதியம் மிகுதியாகத் தோன்றும். இடரோ அங்கிருப்பார்க்கே தெரியும். மேலும், வைத்தவர் வேண்டும்போது கேட்பர். காப்பிச் செடி நட்டால் மூன்று நான்கு ஆண்டு கழிந்தே காய்க்கும். இன்று கேட்டால் இன்று கொடுக்க வேண்டிய பணத்தை நான்கு ஆண்டுக்குப் பின் காய்க்கும் செடியில் ஊன்றுவது, வைப்போர் ஒருங்கே வந்து கேளாதவரையிலேதான் ஒப்பேறும்.

ஸர் ஜார்ஜ் இதனை அறியாதவர் என்று சொல்லவொண்ணாது. அவர் வாழ்நாளிலேயே எச்சரிக்கைகள் பல நிகழ்ந்தன. அவர் பதினாறு வயது மாணாக்கராயிருந்தபோது பம்பாயிற் பெரியதொரு குலைவு நேர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பருத்தி தடைப்பட, இந்தியப் பருத்தியின் விலை ஏறிற்று. அந்த ஏற்றத்தில் நாளொரு வங்கியும் பொழுதொரு கம்பெனியும் பம்பாயில் முளைத்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனியின் பங்குகள் முகவிலையினும் பன்மடங்கு விற்றன. இவை யாவற்றிற்கும் நடுநாயகமாய் நின்றவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் பெருவணிகர். 1865-இற் போர் முடிந்தது. பருத்தி விலை விழுந்தது. கம்பெனிகள் சீட்டுக்கட்டு வீடு போலச் சரிந்தன. பிரேம்சந்த் தம் உடைமைகளைக் கடன்காரர்க்கு ஒப்புவித்துவிட்டுச் சிறு அளவில் மீண்டும் தொழில் தொடங்கினார். அவர் முன்னரே கொடுத்த நன்கொடையாற் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் எழுந்தது. 1906-ஆம் ஆண்டிலேதான் அவரும் காலமானார். அடுத்த ஆண்டாகிய 1866-இல் லண்டனில் ஓவரெண்டு கர்னி நிலையம் வீழ்ந்தபோது அந்நகரமே நடுங்கிற்று.

இவற்றினும் அணிமையில் நிகழ்ந்தது ஓரியண்டல் வங்கியின் வீழ்ச்சி. இலங்கையின் மலைச்சரிவுகளிற் காப்பி பொன்னாய் விளைந்த காலத்தில் அவ்வங்கி தோட்டக்காரர்க்கு வாரி வழங்கிற்று. 1869 முதல் இலைத்துரு என்னும் நோய் பரவி, சில ஆண்டுகளிற் காப்பித் தோட்டங்களைப் பாழாக்கியது. தோட்டம் போனபின் தோட்டத்தின்மேற் கொடுத்த கடன் என்னாகும்? 1884-இல் அவ்வங்கி கதவடைத்தது. கடல் கடந்து கூலிவேலைக்குச் சென்றிருந்த நம் தமிழ் மக்களும் அக்காலத்திற் பட்ட துன்பம் தனிவரலாறு. அப்போது அர்பத்நாட் துரைக்கு வயது முப்பத்தைந்து. இச்செய்தியை அவர் சென்னையிற் பேசியிருப்பார். பிறர் தவற்றை நன்கு ஆராய்ந்துமிருப்பார். அயலார் வீட்டு விரிசல் நம் கண்ணுக்கு எப்போதும் தெளிவாகவே தெரிகிறது.

அர்பத்நாட்டின் விரிசல் லண்டனிலிருந்து வந்தது. பாட்ரிக் மக்பாடியன் என்பவர் தலைமையில் லண்டனில் இயங்கிய மக்பாடியன் கம்பெனி, அர்பத்நாட்டின் மறுகை போன்றது. சென்னையில் வாங்கிய வைப்பு லண்டனுக்குப் போகும். லண்டனில் எழுதிய உண்டியலைச் சென்னை தாங்கும். ஒன்றன் கடனை மற்றொன்று தீர்ப்பதாகப் புத்தகத்தில் தோன்றும். இங்ஙனம் இருவர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பின், தூரத்திலிருந்து பார்ப்பார்க்கு இருவரும் நன்றாக நிற்பதாகவே படும். மக்பாடியன் அப்பணத்தை ஊகவாணிகத்தில் இறக்கினார். அதில் நட்டம் நேர்ந்தது. நட்டத்தை ஒப்புக்கொள்ளின் வைத்தவர் அஞ்சுவர். அஞ்சாதிருக்க வேண்டின் வழக்கம்போல் வட்டி கொடுக்க வேண்டும். கொடுக்கப் பணம் வேண்டின் மேலும் வைப்பு வாங்க வேண்டும். நிலையத்தின் கடன் அதன் உடைமையை மிஞ்சியது வீழ்ச்சி நாளில் அன்று, அதற்கு முன்னரே என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. மிஞ்சியபின்னும் வைப்பு வாங்கப்பட்டுக் கொண்டேயிருந்தது.

ஈண்டு யான் சற்றே நிற்க விரும்புகிறேன். தறி பூட்டிய நம் காஞ்சி வணிகர் பன்னிரண்டோடு நின்றிருக்கலாமே, பதினாறு ஏன் என்று கேட்போம். நின்றிருக்க முடியாது. மூன்றிலிருந்து பன்னிரண்டுக்கு விரைந்து ஏறியவர், பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு இறங்கினால், பட்டு கொடுத்தவர் மறுநாளே வாயிலில் நிற்பர். வளர்வதை நிறுத்தியதே வீழ்ச்சிக்கு அறிகுறியென்று உலகம் கொள்ளும். விரைந்து வளர்ந்த தொழிலுக்கு நிற்கும் உரிமை இல்லாமற் போகிறது. ஸர் ஜார்ஜ் தம் வாழ்நாளில் என்றேனும் ஒரு நாள் அந்நிலையத்தைச் சுருக்கியிருக்கக் கூடும். அந்நாள் எது என்பது அவர்க்கே தெரிந்திருக்கும். அன்று சுருக்கியிருந்தாற் பட்டமும் பதவியும் குறைந்திருக்கும். குடும்பப் பெயர்க்கு மாசு வந்திருக்கும். அதற்கு அஞ்சியே அவர் தொடர்ந்தார் என்று கொள்வேன். ஆயினும் இதனால் அவர் குற்றம் குறைந்ததாகாது. மாசுக்கு அஞ்சியவர் பிறர் மகளின் கலியாணப் பணத்தை வாங்கி அம்மாசைத் துடைக்க முயன்றார் என்பதே இதன் பொருள்.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் லண்டனில் மக்பாடியன் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவருடைய கம்பெனி நொடித்த செய்தி தந்திவழியே பரவிற்று. அக்டோபர் 22-ஆம் நாள் திங்கட்கிழமை அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. நூறாண்டுப் பெயர் இரண்டு நாளில் முடிந்தது. வைத்தவர் ஆயிரக்கணக்கானோர். வெளியூர்களிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தவர்க்குத் திறவாத கதவே எதிர்ப்பட்டது. சேமிப்பு முழுவதையும் ஓரிடத்தில் வைத்திருந்த பென்ஷன்காரர் அந்த வயதில் மீண்டும் எங்கே சென்று உழைப்பது? மற்ற நிலையங்களும் அவ்வாண்டு தப்பவில்லை. பின்னி கம்பெனியும் தள்ளாடி, பின்னாளில் இஞ்ச்கேப் பிரபுவென்று பெயர்பெற்ற மக்கேயின் கைக்கு மாறிப் பிழைத்தது.

வைத்தவர் சார்பில் நீதிமன்றத்தில் முன்னின்றவர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் 1863-இற் பிறந்த இவர், அப்போது சென்னை வக்கீல்களுள் முன்னணியில் நின்றார். வெள்ளையர் வாணிகத்தின் தலைமகனை, வெள்ளையர் அரசின் நீதிமன்றத்தில், இந்நாட்டு வக்கீல் ஒருவர் கணக்குக் கேட்டல் அந்நாளில் எளிய செயல் அன்று. விசாரணை நடந்தது. மோசடிக் குற்றம் மெய்ப்பிக்கப்பெற்றது. ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். சட்டசபையில் அமர்ந்த ஒருவர், அச்சட்டத்தின்படியே சிறை புகுந்தார். பணம் வைத்தவர்க்கோ தண்டனைச் செய்தியாற் பசி தீரவில்லை. பலநாட் காத்திருந்த பின்னும் அவர்கட்குக் கிடைத்தது வைத்ததில் ஒரு பகுதியே.

கிருஷ்ணஸ்வாமி ஐயர் வழக்கோடு நின்றுவிடவில்லை. நம்மவர் பணத்தை நம்மவர் கண்ணெதிரே காக்கும் வங்கியொன்று வேண்டும் என்று முயன்றார். வங்கத்திலெழுந்த சுதேசி உணர்ச்சி தமிழ்நாட்டிலும் பரவியிருந்த காலம் அது. பர்மா முதலிய கடல்கடந்த நாடுகளிற் கொடுக்கல்வாங்கல் நடத்திப் பழகிய செட்டிநாட்டுப் பெருவணிகரையும், சென்னையின் வேறு பெரியோர்களையும் அவர் கூட்டுவித்தார். 1907-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் இந்தியன் வங்கி பதிவாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொழில் தொடங்கிற்று. நாற்பது ஆண்டு கழிந்து நாடு விடுதலை பெற்ற நாளும் அதுவே என்பது தற்செயலாயினும் நினைத்தற்கு இனியது. அர்பத்நாட் கம்பெனியைப் போல அது சிலர் வீட்டுச் சொத்து அன்று. பங்குதாரர் பலரைக் கொண்ட சட்டமுறைக் கம்பெனி. கணக்கை அவர்கள் முன் வைத்தே ஆகவேண்டும்.

அவ்வாண்டிலேதான் கிருஷ்ணஸ்வாமி ஐயர், தம் அரசியற் கொள்கைக்கு மாறுபட்ட சுப்பிரமணிய பாரதியாரின் தேசியப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கியதும் நிகழ்ந்தது. தமிழ் பயிலும் நமக்கு அவர் அதனாலேயே பெரிதும் தெரிந்தவர். பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினராகவும் பணியாற்றி, 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் நாற்பத்தெட்டு வயதிலேயே மறைந்தார்.

அர்பத்நாட் வீழ்வதற்குச் சரியாக ஈராண்டுக்கு முன்னர், அதாவது 1904 அக்டோபரில், காஞ்சிபுரத்தில் ஒரு சிறு சங்கம் பதிவாயிற்று. அவ்வாண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டப்படி இந்தியாவிற் பதிவான முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் அதுவேயாகும். அதற்கு வித்திட்டவருள் ஒருவர் பிரடரிக் நிக்கல்ஸன் துரை. சென்னை அரசாங்கத்தின் ஏவலால் ஐரோப்பா சென்று, ஜெர்மானிய நாட்டுக் குடியானவர்க்கு ரைபைசன் என்னும் நன்மகனார் அமைத்துத் தந்த கடன் சங்கங்களைக் கண்டு, விரிந்ததோர் அறிக்கை எழுதியவர் அவர். ஒருவரையொருவர் அறிந்தோரே கூடித் தம்முட் பணம் சேர்த்துத் தம்முட் கடன் கொடுத்தல் அச்சங்கங்களின் முறை. நகரச் சங்கமாயின், ஆண்டு ஊதியத்திற் காற்பங்கைச் சேமநிதியில் ஒதுக்கிய பின்னரே பங்குதாரர்க்கு ஊதியப் பங்கு கொடுக்கலாம் என்றும் அச்சட்டம் விதித்தது. வளருமுன் ஒதுக்கு என்பதே அவ்விதியின் கருத்து.

1906-ஆம் ஆண்டின் முற்பகுதியிற் காஞ்சியில் வாழ்ந்த படித்தவர் ஒருவரிடம், இச்சிறு சங்கத்திற் பணம் வைப்பதா, சென்னை அர்பத்நாட்டில் வைப்பதா என்று கேட்டிருந்தால், அவர் நகைத்திருப்பார். யானும் அந்நாளில் வாழ்ந்திருந்தால் நகைத்திருப்பேன் என்றே அஞ்சுகிறேன். சங்கத்திற்கு ஈட்டனிற் பயின்ற தலைவர் இல்லை. லண்டனில் மறுகையும் இல்லை. கடன் வாங்கியவர் அடுத்த தெருவில் தறி நெய்துகொண்டிருப்பார். அவர் தறி ஓடுகிறதா இல்லையா என்பது சங்கத்தார் காதுக்கே கேட்கும். பெரிய காஞ்சிபுரம் கூட்டுறவு நகர வங்கி என்னும் பெயரால் அது இன்றும் நடைபெறுகிறது. இந்தியன் வங்கியும் 1969-இல் அரசுடைமையாகி, 2020 ஏப்ரலில் தன்னினும் மூத்த அலகாபாத் வங்கியைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

ஸர் ஜார்ஜ் சிறை மீண்டபின் நெடுங்காலம் வாழ்ந்தார். தம்மைக் கூண்டில் நிறுத்திய வக்கீல் மறைந்து பதினேழு ஆண்டுக்கு மேலும் வாழ்ந்தார். அவருடைய குடும்பத்தினர் ஒருவர் 1833-இல் லண்டனிற் பங்குகொண்டு தொடங்கிய வேறொரு நிலையம் அர்பத்நாட் என்னும் பெயரோடே இன்னும் வங்கித்தொழில் நடத்துகிறது. சென்னையில் நொடித்தது அதுவன்று. சென்னையிற் பாரியின் பெயர் ஒரு முனைக்கும், பின்னியின் பெயர் ஒரு சாலைக்கும் வழங்குகின்றன. 1929-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், ஸர் ஜார்ஜ் கஃப் அர்பத்நாட் உயிர் நீத்தார். அவரிடம் பணம் வைத்தவருட் பலர் அதற்கு முன்னரே இறந்துபோயிருந்தனர்.